குரோமியத்தில் எஞ்சும் ஆள்: பழைய கார்களைப் படமெடுப்பதும் திருத்துவதும்

1

கார்களைப் படமெடுப்பது பற்றி இப்படியொரு பத்திரிகையில் எழுத என்ன இருக்கிறது என்று நண்பர்கள் கேட்கக்கூடும். கவிதையின் படிமம் பற்றிப் பக்கம் பக்கமாகச் சர்ச்சை செய்கிற நாம், தினமும் கண்ணுக்கு முன்னால் வந்து விழுகிற படிமங்கள் எப்படித் தயாராகின்றன என்பதை ஸ்டூடியோக்காரர்களிடமே விட்டுவிட்டோம். தயாரிப்பு தெரியாமல் பிம்பம், பிரதி, அதிகாரம் என்றெல்லாம் பேசிக்கொண்டிருந்தால் அந்தச் சொற்கள் கொஞ்ச நாளில் உள்ளீடற்றுப் போய்விடுகின்றன. நானும் அப்படிப் பேசிக்கொண்டிருந்தவன்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை எடுத்த படங்கள், குறிப்பாக அவற்றில் ஒன்று, அந்தப் பேச்சைக் கொஞ்சம் நிறுத்திவைத்தன. ஆகவே இங்கே முதலில் தொழில், பிறகுதான் கோட்பாடு.

என் நிலைமையையும் சொல்லிவிட வேண்டும். தமிழ் எம்.ஏ. முடித்துக் கௌரவ விரிவுரையாளராகக் காலம் தள்ளுகிறவன். சம்பளம் வருகிற மாதமும் உண்டு, வராத மாதமும் உண்டு. வராத மாதங்களுக்காக ஒரு பழைய காமிரா வாங்கினேன். நூல் வெளியீடு, காதுகுத்து, நிச்சயதார்த்தம் என்று எடுத்துப் பழகி, ஒரு நண்பர் மூலமாகச் சென்னையில் பழைய கார் பிரியர்கள் கூடும் ஒரு சந்திப்புக்குப் போனேன். ஒரு கார் சொந்தக்காரர் தன் காலண்டருக்குப் படம் கேட்டிருந்தார்.

காலை ஆறரை மணிக்கே மைதானம் நிரம்பியிருந்தது. சாமியானாப் பந்தல், காபி டிரம், வரிசையாக நாற்பது ஐம்பது கார்கள். மோரிஸ் மைனர், ஃபியட் 1100, அம்பாசிடர்கள், ஒன்றிரண்டு ஸ்டாண்டர்ட் ஹெரால்ட். ஹெரால்டைச் சுற்றித்தான் கூட்டம். ஊர்ப்பாசம் ஒரு காரணம்: இங்கிலாந்தில் 1959இல் வந்த ட்ரையம்ஃப் ஹெரால்டை 1961 முதல் சென்னையின் ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனி நம்மூரில் செய்து விற்றது. இன்னொரு காரணம், அதன் பானெட் மட்கார்டுகளோடு சேர்ந்து மொத்தமாக முன்பக்கம் கவிழ்ந்து திறக்கும். வாயைத் திறந்த முதலை மாதிரி நிற்கும். எல்லோரும் அப்படித்தான் அதைப் படமெடுக்கிறார்கள்.

சந்திப்புக்கு வருகிறவர்களை மூன்று வகையாகப் பிரிக்கலாம். கார் வைத்திருப்பவர்கள், பார்க்க வந்தவர்கள், கையில் மஞ்சள் துணி வைத்திருப்பவர்கள். இந்த மூன்றாம் வகையினர் படம் எடுக்கும்போது ஒதுங்கி நிற்கும்படி கேட்டுக்கொள்ளப்படுவார்கள். ஒவ்வொரு காரின் முன்னாலும் ஒரு அட்டை. அதில் தயாரிப்பு, வருடம், சொந்தக்காரர் பெயர். பக்கத்தில் 'தொடாதீர்கள்' என்று இன்னொரு அட்டை. தொட அனுமதி பெற்றவர்கள் இருவரே: காரின் சொந்தக்காரர், துடைப்பவர்.

2

காரைப் படமெடுப்பதில் முதல் பாடம் உயரம். நின்றபடி கண் மட்டத்திலிருந்து எடுத்தால் கார் நசுங்கிய டப்பா போலத் தெரியும். குந்தி உட்கார்ந்து, ஹெட்லைட் மட்டத்துக்குக் காமிராவை இறக்க வேண்டும். அப்போதுதான் காருக்கு ஒரு உடம்பு வருகிறது. இரண்டாவது, தூரம். அகலக் கோண லென்ஸோடு கிட்டே போய் எடுத்தால் கிட்ட இருக்கும் ஹெட்லைட் பூதமாக வீங்கி, பின்பக்கம் ஒடுங்கிவிடும். சிலருக்கு அது பிடிக்கும். ஆனால் செய்தவன் நினைத்த அளவுகள் அப்படியே வர வேண்டுமானால் நன்றாகத் தள்ளிப்போய் 85 மில்லிமீட்டர் லென்ஸில் எடுப்பது நல்லது. மூன்றாவது, முன் சக்கரத்தைக் கொஞ்சம் திருப்பி வைக்கச் சொல்ல வேண்டும். டயரின் ரப்பர் தெரியாமல் வீல் கப்பின் முகம் காமிராவைப் பார்க்க வேண்டும்.

நான்காவது, ஒளி அளவு. காமிராவுக்குள் இருக்கும் மீட்டருக்கு உலகத்தைப் பற்றி ஒரு முன்முடிவு உண்டு. எதைக் காட்டினாலும் அது ஏறத்தாழ 18 சதவீத ஒளியைத் திருப்பித் தரும் நடுத்தரச் சாம்பல் என்றே அது நம்பும். வெள்ளை அம்பாசிடரைக் காட்டினால் 'இவ்வளவு வெளிச்சம் ஆகாது' என்று குறைத்து அழுக்கு வெள்ளையாக்கிவிடும். கறுப்புக் காரைக் காட்டினால் 'போதாது' என்று கூட்டிச் சாம்பலாக்கிவிடும். வெள்ளைக்கு ஒரு படி கூட்டியும் கறுப்புக்கு ஒரு படி குறைத்தும் நாம்தான் வைக்க வேண்டும். இயந்திரம் நடுநிலையானது என்று நினைப்பவர்கள் இந்த ஒரு விஷயத்தை யோசித்துப் பார்க்கலாம். அதன் நடுநிலை என்பது எல்லாரையும் சராசரிக்கு இழுப்பது.

எனக்கு வாய்த்தது கறுப்புக் கார். 1960களின் அம்பாசிடர், எம்.எஸ். என்று தொடங்கும் பழைய பதிவெண். மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டை அடியொற்றி 1950களின் கடைசியில் தொடங்கி 2014 வரை செய்யப்பட்ட வண்டி அது. கறுப்புக் காரை எடுப்பதுதான் ஆகக் கடினம் என்பார்கள். ஏன் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. நன்றாகப் பாலிஷ் போட்ட கறுப்புக்கு என்று தனியாக ஒரு தோற்றம் கிடையாது. அது ஒரு கண்ணாடி. வானம், பந்தல், எதிரே நிற்கும் கார், குந்தியிருக்கும் நான், எல்லாம் அதில் இருக்கும். கறுப்புக் காரைப் படமெடுப்பதென்பது உண்மையில் அதில் தெரிகிறவற்றைப் படமெடுப்பதுதான். ஒரு வளைவு வளைவாகத் தெரிவதே அதன்மேல் விழுந்த வானத்தின் விளிம்பு வளைந்து போவதால்தான். விளம்பரக் கம்பெனிகள் ஸ்டூடியோவில் காரின் தலைக்கு மேல் பிரம்மாண்டமான வெள்ளைப் பலகையைத் தொங்கவிடுவது இதற்காகவே. காருக்குச் சுற்றுப்புறம் வேண்டும். ஆனால் அந்தச் சுற்றுப்புறத்தில் யாரும் இருக்கக் கூடாது.

3

மைதானத்தில் வெள்ளைப் பலகை தொங்கவிட முடியாது. அங்கே கை கொடுப்பது போலரைசர் என்கிற வடிகண்ணாடி. லென்ஸின் முன்னால் மாட்டித் திருகினால் பானெட்டில் இருக்கும் வானம் கரைந்து உள்ளே இருக்கும் நிறம் மேலே வரும். முதல்முறை பார்க்கும்போது மாயம்போல இருக்கும். விஷயம் இதுதான். ஒளி அலை தான் போகும் திசைக்குக் குறுக்கே எல்லாப் பக்கமும் அதிர்கிறது. பெயின்ட், கண்ணாடி, தண்ணீர் போன்ற பரப்பில் சாய்வாகப் பட்டுத் தெறிக்கும்போது அந்த அதிர்வு பெரும்பாலும் ஒரே திசைக்கு ஒழுங்காகிவிடுகிறது. வடிகண்ணாடி அந்தத் திசையை மட்டும் அடைத்துவிடும்.

1808இல் பிரெஞ்சுக்காரர் மாலுஸ், பாரிஸின் லக்சம்பர்க் அரண்மனை ஜன்னலில் தெறித்த வெயிலைக் கால்சைட் படிகம் வழியாகப் பார்த்து இதைக் கண்டுபிடித்தார். எந்தக் கோணத்தில் இது முழுமையாக நடக்கும் என்பதற்கான விதியை 1815இல் ப்ரூஸ்டர் சொன்னார். சாதாரணக் கண்ணாடிக்கு அது பரப்பின் செங்குத்துக் கோட்டிலிருந்து சுமார் 56 டிகிரி. நேர் எதிரே நின்று பார்த்தால் இந்த வித்தை பலிக்காது. ஆகவே கதவுக்கு நேரே நிற்கும் படக்காரனின் பிரதிபலிப்பை வடிகண்ணாடியால் அழிக்க முடியாது. இன்னொரு சிக்கலும் உண்டு. பானெட் படுத்திருக்கிறது, கதவு நின்றிருக்கிறது. ஒன்றுக்குத் திருகிய நிலை மற்றதற்குச் சரிப்படாது. அதனால் காமிராவை முக்காலியில் அசையாமல் வைத்து, பானெட்டுக்கு ஒரு படம், கதவுக்கு ஒரு படம், கண்ணாடிக்கு ஒரு படம் என்று எடுத்துப் பின்னால் கம்ப்யூட்டரில் ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டுவார்கள். நாம் பார்க்கிற 'ஒரு' படம் பல நேரங்களில் மூன்று கணங்களின் தையல்.

இதில் நான் முக்கியமாக நினைப்பது வேறொன்று. உலோகத்தில் இந்த வித்தை எடுபடாது. உலோகத்தில் தெறிக்கிற ஒளி அப்படி ஒரே திசைக்கு ஒழுங்காவதில்லை. பெயின்டில் இருக்கும் ஆளைக் கரைக்கலாம். குரோமியம் பூசிய பம்பரிலும் வீல் கப்பிலும் இருக்கும் ஆள் எத்தனை திருகினாலும் போகமாட்டார். அதிலும் பம்பர் புடைத்த வளைவு. புடைத்த கண்ணாடி தன் முன்னால் இருக்கும் உலகத்தில் பாதியை உள்ளே இழுத்துக்கொள்ளும். வான் ஐக் 1434இல் வரைந்த அர்னோல்ஃபினி ஓவியத்தின் பின்சுவரில் உள்ள வட்டக் கண்ணாடி இப்படிப்பட்டதுதான். ஓவியத்தின் சட்டகத்துக்கு வெளியே வாசலில் நிற்பவர்களை அது காட்டிக்கொடுக்கிறது. வெலாஸ்கெஸ் 1656இல் தீட்டிய ஓவியத்தின் கண்ணாடியை வைத்து ஃபூக்கோ 1966இல் தன் புத்தகத்தைத் தொடங்கினார் என்பதை இந்தப் பத்திரிகையின் வாசகர்களுக்கு நினைவூட்டத் தேவையில்லை. அந்த அத்தியாயத்தை மொழிபெயர்ப்பில் பலமுறை படித்தும் எனக்குப் பிடிபடாத ஒன்று, அம்பாசிடர் பம்பரைத் துடைத்துக்கொண்டிருந்தபோது பிடிபட்டது. சட்டகம் யாரை வெளியே நிறுத்துகிறதோ அவர் முன்னால்தான் அந்தக் காட்சியே நடந்துகொண்டிருக்கிறது.

4

அன்றைக்குக் காரைத் துடைத்துக்கொண்டிருந்தவர் ஐம்பது வயதிருக்கும். நான் படம் எடுக்கும்போது 'சார், தள்ளிக்கிறேன்' என்று தானாகவே பக்கவாட்டில் போய் நின்றுகொண்டார். சட்டகத்துக்கு வெளியேதான் நின்றார். ஆனால் கதவில் இருந்தார், பம்பரின் வளைந்த முனையிலும் இருந்தார். முடிந்ததும், 'எனக்கும் ஒண்ணு அனுப்புங்க சார்' என்று போன் நம்பர் சொன்னார். குறித்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து எடிட்டிங். இங்கே ஒரு பொதுவான மயக்கத்தைத் தீர்த்துவிட வேண்டும். 'நான் எடிட்டே பண்றதில்ல, ஒரிஜினல்' என்று சிலர் பெருமையாகச் சொல்வார்கள். டிஜிட்டல் காமிராவில் அப்படி ஒரு ஒரிஜினல் இல்லை. அதன் சென்சார் நிறக்குருடு. ஒவ்வொரு புள்ளியின் மேலும் ஒரு சிறு வண்ண வடிகட்டி. பாதிப் புள்ளிகளுக்குப் பச்சை, கால் பங்குக்குச் சிவப்பு, கால் பங்குக்கு நீலம். கோடாக் கம்பெனியின் பேயர் 1976இல் காப்புரிமை பெற்ற ஏற்பாடு இது. ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு நிறம்தான் தெரியும். மற்ற இரண்டையும் பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்துக் கணக்குப் போட்டு நிரப்ப வேண்டும். ஆக, படத்தில் உள்ள நிறத் தகவலில் மூன்றில் இரண்டு பங்கு ஊகம். நீங்கள் திருத்தாவிட்டால் காமிராக் கம்பெனியின் பொறியாளர் திருத்தியிருப்பார், அவ்வளவுதான் வித்தியாசம். 'ரா' என்கிற கச்சாக் கோப்பில் எடுத்தால் ஒரு புள்ளிக்குப் பல காமிராக்களில் 16,384 ஒளிநிலைகள் கிடைக்கும். சாதாரண ஜேபெக்கில் 256 மட்டும். கறுப்புக் காரின் இருட்டுக்குள் புகுந்து வேலை பார்க்க முதலாவதுதான் தோதானது.

வேலை இந்த வரிசையில் போகும். முதலில் வெண்மைச் சமன்: பந்தல் துணியின் நிறம் காரில் ஏறியிருக்கும், அதை எடுக்க வேண்டும். பிறகு பானெட், கதவு, கண்ணாடி ஆகியவற்றுக்கு எடுத்த படங்களை அடுக்கி, வேண்டிய பகுதியை மட்டும் திறந்துவிடுவது. பிறகு தூசி, டயரின் மண், புல்லில் கிடக்கும் காபி கப். கடைசியாக வேண்டாத பிரதிபலிப்புகள். 1990இல் போட்டோஷாப் விற்பனைக்கு வந்த காலத்தில் பக்கத்திலிருந்து ஒரு துண்டை நகலெடுத்துக் கையால் ஒட்ட வேண்டியிருந்தது. 2010இல் வந்த வசதியில் சுற்றுப்புறத்தைப் பார்த்துத் தானாகவே நிரப்பிக்கொண்டது. 2023க்குப் பிறகு அந்த இடத்தில் இல்லாததையும் கற்பித்து நிரப்புகிறது. ஆளைச் சுற்றி ஒரு கோடு போட்டால் போதும். எனக்குத் துடைப்பவரைக் கதவிலிருந்து எடுக்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. பந்தல் கம்பங்களின் பிரதிபலிப்பையும் எடுத்தேன். கதவு, நிலா வெளிச்சத்தில் குளம் மாதிரி ஆகிவிட்டது. பம்பரை அப்படியே விட்டேன். வளைவில் உள்ளதை மாற்றினால் போலி என்று தெரிந்துவிடும். அதோடு அது அவ்வளவு சிறியது, யார் பார்க்கப்போகிறார்கள்?

சொந்தக்காரருக்கு அனுப்பினேன். மகிழ்ச்சி, பணமும் வந்தது. சொன்ன சொல் தவறக்கூடாதே என்று அதே படத்தைத் துடைப்பவருக்கும் அனுப்பினேன். 'சூப்பர் சார்' என்று பதில் வந்தது.

5

என் அப்பா புதுப்பேட்டையில் ஒரு ஷெட்டில் முப்பது வருஷத்துக்கு மேல் டிங்கர் வேலையும் பெயின்ட் வேலையும் பார்த்தவர். இப்போது வேலைக்குப் போவதில்லை. தண்ணீர் விட்டு வாட்டர் பேப்பர் தேய்த்துத் தேய்த்து அவருடைய விரல் ரேகை மங்கிப்போயிற்று. ரேஷன் கடை மெஷினில் ரேகை விழாமல் திரும்பி வந்திருக்கிறார். அவரிடம் படத்தைக் காட்டினேன். பெருமைக்குத்தான்.

கொஞ்ச நேரம் பார்த்தார். 'இதுல ஒண்ணும் தெரியலையேடா' என்றார்.

'என்னப்பா தெரியல?'

'கதவு. கதவுல ஒண்ணுமே இல்லியே. வேலை எப்படின்னு எப்படிச் சொல்றது?'

திருத்தாத படத்தைத் திறந்தேன். சட்டென்று முகம் மாறியது. பந்தல் கம்பங்களின் பிரதிபலிப்பை விரலால் தொட்டுக்கொண்டே போனார். 'பார், இங்க நேரா வருது. கைப்பிடிக்குக் கீழ வந்ததும் நெளியுது. அடி வாங்கின கதவு. உள்ள பட்டி இருக்கு. ஆனா நல்ல வேலைக்காரன்டா. இவ்ளோ பெரிய பள்ளத்தைத் தூக்கி இவ்ளோதான் நெளிவு விட்டிருக்கான்.'

தெரியாதவர்களுக்காக: அடிபட்ட தகட்டை உள்ளே டாலி கொடுத்து வெளியே சுத்தியால் தட்டி முடிந்தவரை எழுப்புவார்கள். எஞ்சிய பள்ளத்துக்குப் பட்டி பூசிக் காயவிட்டு, முரட்டுத் தாளில் தொடங்கி நைஸ் தாள் வரை தேய்த்து மட்டப்படுத்துவார்கள். பிறகு பிரைமர், அதன்மேல் டூக்கோ. டூக்கோ என்பது 1920களில் அமெரிக்காவின் டூபான்ட் கம்பெனி கொண்டுவந்த பெயின்டின் வணிகப் பெயர். நம்மூரில் கார் பெயின்டுக்கே பெயராகிவிட்டது. மட்டம் சரியா என்பதைக் கண்ணால் நேராகப் பார்த்துச் சொல்ல முடியாது. உள்ளங்கையால் தடவிப் பார்ப்பார்கள். அல்லது நேரான ஒரு பொருளின் பிரதிபலிப்பு நேராக வருகிறதா என்று பார்ப்பார்கள். பெரிய கார் ஆலைகளிலும் இதுதான். வரிசையாக நீள விளக்குகள் பொருத்திய குகை மாதிரி அறைக்குள் காரை விட்டு, அந்த ஒளிக்கோடுகள் எங்கே நெளிகின்றன என்று பார்க்கிறார்கள்.

அதாவது நான் 'வேண்டாத பிரதிபலிப்பு' என்று அழித்ததுதான் அப்பாவுக்குப் பிரதி. தட்டினவன், பட்டி பார்த்தவன், தேய்த்தவன் ஆகியோரின் கையெழுத்து அந்த நெளிவில்தான் இருந்தது. சொந்தக்காரரின் பெயரைத்தான் அட்டையில் எழுதுகிறார்கள். டிங்கருக்கு இருந்தது அந்த அரை அங்குல நெளிவு மட்டும். அதையும் நான் இழைத்துவிட்டேன்.

6

இங்கே கோட்பாட்டுக்கு வரலாம். பார்த் 1957இல் வெளியிட்ட 'தொன்மங்கள்' நூலில் புதிய சித்ரோயன் காரைப் பற்றி ஒரு சிறு கட்டுரை உண்டு. 1955 அக்டோபரில் பாரிஸ் கண்காட்சியில் வைக்கப்பட்ட டி.எஸ். கார் அது. பிரெஞ்சில் அந்த எழுத்துகளைச் சேர்த்து உச்சரித்தால் 'தேவி' என்று வரும். கார்கள் நம் காலத்தின் தேவாலயங்கள் என்கிற அவருடைய ஒப்பீட்டைத்தான் எல்லாரும் சொல்வார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, அந்தக் காரின் வழவழப்பு பற்றியும் மக்கள் அதைத் தொட்டுப் பார்ப்பது பற்றியும் அவர் கவனித்தது. இணைப்புகள் தெரியாத வழவழப்பு பொருளை வானத்திலிருந்து இறங்கியதாகக் காட்டுகிறது. கை பட்டதும் அந்தப் புனிதம் இறங்க ஆரம்பிக்கிறது. நம் சந்திப்புகளில் 'தொடாதீர்கள்' அட்டை எதைக் காக்கிறது என்பது இதிலிருந்து விளங்கும். கீறலுக்குப் பயந்துதான் அட்டை, மறுக்கவில்லை. ஆனால் அது செய்கிற வேலை அதோடு முடிவதில்லை. திருத்தப்பட்ட படம் அந்த அட்டையின் பூரண வடிவம்.

சரக்கின் மாய்மாலம் பற்றி மார்க்ஸ் 1867இல் சொன்னதும் இதுவே. மனிதர்களுக்கு இடையிலான உறவு, பொருள்களுக்கு இடையிலான உறவாக வேஷம் போட்டு வருகிறது. அந்த வேஷத்தைப் போட்டுவிடும் கை யாருடையது என்று கேட்டால், இந்தச் சம்பவத்தில் என் கை. டிங்கரின் மகன் கை. இதைச் சுயவதையாகச் சொல்லவில்லை. அதிகாரம் மேலிருந்து உத்தரவு போட்டு வேலை வாங்குவதில்லை என்பதற்கு ஒரு உதாரணமாகச் சொல்கிறேன். சொந்தக்காரர் யாரையும் அழிக்கச் சொல்லவே இல்லை. 'க்ளீனா இருக்கணும்' என்று மட்டும்தான் சொன்னார். சுத்தம் என்றால் என்ன, அழுக்கு என்றால் யார் என்பது எனக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. நம் சமூகத்தில் அதைத் தனியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

படத்திலிருந்து ஆளை எடுப்பதற்கு அரசியல் வரலாறு உண்டு. மாஸ்கோ கால்வாய்க்கரையில் ஸ்டாலின் பக்கத்தில் நிற்கும் யெஷோவ், 1940இல் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு படத்திலிருந்தும் போனார். அவர் நின்ற இடத்தில் தண்ணீர் ஓடுகிறது. 1982 பிப்ரவரியில் நேஷனல் ஜியாகிரபிக் அட்டைக்காக எகிப்தியப் பிரமிடுகள் கொஞ்சம் நெருக்கி நகர்த்தப்பட்டுச் சர்ச்சையானது. இவற்றோடு ஒரு காலண்டர் படத்தை ஒப்பிடுவது அதிகப்படி என்பீர்கள். யெஷோவ் அழிக்கப்பட்டபோது, அவர் யாரென்று அறிந்த ஒரு அரசு அழித்தது. துடைப்பவர் அழிக்கப்பட்டபோது, அழிப்பதாக யாருக்கும் தோன்றவே இல்லை. எனக்கு இரண்டாவது குறைந்த குற்றமாகப் படவில்லை.

எதிர்வாதம் ஒன்றைக் கணக்கில் எடுத்தாக வேண்டும். மூன்றில் இரண்டு பங்கு ஊகம் என்று நானே சொன்னேன். எல்லாப் படமும் தயாரிப்பு என்றால் ஒரு திருத்தம் மட்டும் எப்படித் தப்பாகும்? எல்லாம் கட்டமைப்புதானே என்று கைகழுவிவிடலாமே? நம்மிடையே இந்தக் கைகழுவல் அடிக்கடி கோட்பாடாக வேஷம் போட்டு வருவதால் இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். அப்பாவிடமே கேட்டேன். 'நீயுந்தானே பட்டி வெச்சு மறைக்கிற?' அவர் சொன்னது: 'பள்ளத்துக்குப் பட்டி வெக்கலாம். ஓட்டைக்கு வெக்கக்கூடாது. ஓட்டைன்னா வெட்டி எடுத்துட்டு வேற தகடு வெச்சு வெல்டு அடிக்கணும். துருப்பிடிச்ச ஓட்டையில பட்டிய அடைச்சுப் பெயின்ட் அடிச்சு விக்கிறவன் இருக்கான். அது நாலு மாசத்துல கையோட வந்துடும்.'

பள்ளம் என்பது, இருக்கும் தகடு தன் வடிவத்தை இழந்திருப்பது. அதை மீட்கலாம். வெள்ளைக் காரை மீட்டர் சாம்பலாக்கினால் வெள்ளைக்குக் கொண்டுவருவது அப்படிப்பட்டது. ஓட்டை என்பது தகடே இல்லாமல் போனது. ஒருவர் இருந்த இடத்தை வெட்டிவிட்டு, அங்கே யாரும் இருந்ததே இல்லை என்கிற மாதிரி வழவழப்பாக நிரப்புவது ஓட்டையில் பட்டி வைப்பது. எல்லாத் திருத்தமும் ஒன்றல்ல என்பதற்கு என்னிடம் உள்ள அளவுகோல் இதுதான். இது முழுமையானதா என்றால் இல்லை. காபி கப்பை எடுத்தேன், அது பள்ளமா ஓட்டையா என்று கேட்டால் சிரமம். ஆனால் அந்தச் சிரமத்தை ஒவ்வொரு முறையும் படவேண்டும் என்பதே விஷயம். கோடு போட்டதும் நிரப்பித் தரும் கருவி அந்தச் சிரமத்தைத்தான் நம்மிடமிருந்து எடுத்துக்கொள்கிறது.

பிழை என்று ஒதுக்கப்படுவது பின்னால் என்னவாகும் என்பதற்கும் ஒரு கார்ப் படம் உதாரணம். பிரான்சில் 1910களின் தொடக்கத்தில் லார்த்திக் என்னும் இளைஞர், பந்தயக் கார் ஒன்று பாய்ந்து போகும்போது காமிராவைக் கூடவே திருப்பி எடுத்தார். அந்தக் காமிராவின் ஷட்டரில் ஒரு கீற்றுதான் படத்தகட்டின் மேல் ஓடும். கீற்று ஓடி முடிப்பதற்குள் கார் நகர்ந்துவிட்டது. சக்கரம் முட்டையாகி முன்னால் சாய்ந்தது, வேடிக்கை பார்ப்பவர்கள் எதிர்ப்பக்கம் சாய்ந்தார்கள், கார் பாதி வெட்டுப்பட்டது. தேறாத படம். 1963இல் நியூயார்க் நவீனக் கலைக் காட்சியகம் அவர் படங்களைக் காட்சிக்கு வைத்த பிறகு, வேகம் என்றால் இதுதான் என்று உலகம் அதைப் பார்க்கிறது. அதில் பார்வையாளர்கள் இருக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். அவர்கள் சாய்ந்திருப்பதால்தான் கார் ஓடுகிறது.

7

திருத்தாத படத்தைக் கார் சொந்தக்காரருக்கு மறுபடி அனுப்பி, இதைப் போடலாமே என்று கேட்டுப் பார்த்தேன். பண்பான மனிதர். 'நல்லாத்தான் இருக்கு தம்பி, ஆனா கதவுல யாரோ நிக்கிறாங்களே' என்றார். அந்தக் கதவில் வேலை பார்த்த டிங்கர் யார் என்று கேட்டேன். பத்து வருஷம் முன்னால் செய்தது, பெயர் ஞாபகமில்லை, ராயப்பேட்டைப் பக்கம் யாரோ என்றார். காலண்டர் அச்சாகி வந்தது. கதவு குளம் மாதிரிதான் இருக்கிறது.

துடைப்பவருக்கும் திருத்தாத படத்தை அனுப்பலாம் என்று போனில் அவர் பெயரைத் தேடினேன். வாட்ஸ்அப்பில் அவருடைய முகப்புப் படம் மாறியிருந்தது. முதலில் என்னவென்றே தெரியவில்லை. வெள்ளியாக ஒரு வளைவு, மங்கலான புள்ளிகள், நடுவில் உயரமாக இழுபட்ட ஒரு மனித உருவம், தோளில் மஞ்சளாக ஒரு துணி. நான் அனுப்பிய 'சூப்பர்' படத்தை எடுத்து, அம்பாசிடர், கதவு, பானெட் எல்லாவற்றையும் வெட்டித் தள்ளிவிட்டு, பம்பர் முனையை மட்டும் விரலால் பெரிதாக்கி வைத்திருக்கிறார். நான் யார் பார்க்கப்போகிறார்கள் என்று விட்ட இடத்தை அவர் பார்த்திருக்கிறார்.

அதுவும் எடிட்டிங்தான். என்னுடையதைவிடக் கடுமையான வெட்டு. காரையே எடுத்துவிட்டார். திருத்துவது தப்பா சரியா என்று நான் மேலே போட்ட கணக்குகளில் யார் திருத்துகிறார்கள் என்ற கேள்வி விடுபட்டிருப்பது அப்போது உறைத்தது. திருத்தாத படத்தையும் அனுப்பினேன். அடுத்த சந்திப்பில் எடுக்கும்போது அவரைத் தள்ளிக்கச் சொல்லப்போவதில்லை. எங்கே நிற்கிறீர்கள் என்று கேட்டுவிட்டுத்தான் காமிராவை இறக்க வேண்டும் என்றிருக்கிறேன். அப்பாவையும் கூட்டிப்போக வேண்டும். கார்களைத் தொட்டுப் பார்க்க விடுவார்களா என்று கேட்கிறார்.